சாலை போட்டவர் போர்வீரர் இல்லையா? தாத்தாவின் பர்மா ஸ்டார் பற்றி ஒரு விவாதம்

பாலாற்றங்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா இரண்டாம் உலகப்போரின்போது இராணுவத்தின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றியவர். அவருடைய நூற்றாண்டையொட்டி ஒரு சிறு நூலை அச்சிட்டு உறவினர்களுக்கும் ஊர்ப் பள்ளி நூலகத்துக்கும் கொடுக்கலாம் என்று வீட்டில் முடிவாகி, எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் உண்டு. ஆனால் பிந்தைய போர்களுக்குச் சென்றவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு, வெள்ளைக்காரன் காலத்தில் போனவர்களைப் பற்றி யாரும் விரிவாகப் பேசிக் கேட்டதில்லை.

கையில் இருப்பவை சிலவே. ஒரு தகர டிரங்குப் பெட்டி, 1946இல் கொடுக்கப்பட்ட விடுவிப்புச் சான்று, சீருடையில் எடுத்த ஒரு படம், மூன்று பதக்கங்கள். சான்றில் படையின் பெயர், அவருடைய எண், 1942இல் சேர்ந்த விவரம், நடத்தை ‘மிக நன்று’ என்ற குறிப்பு ஆகியவற்றோடு ‘தொழில்: மேசன்’, அதாவது கொத்தனார், என்று இருக்கிறது. பதக்கங்கள் 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், போர்ப் பதக்கம் ஆகியவை. ஊரில் வழங்கும் கதையோ வேறு. அவர் இன்றைய நாகாலாந்தில் உள்ள கோஹிமாவில் துப்பாக்கி முனை ஈட்டியோடு ஜப்பானியரை எதிர்த்தார் என்பார்கள். அவர் தம் வாயால் அப்படிச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

என் பெரியப்பாவுக்கு ‘மேசன்’ என்ற சொல் நூலில் வரவே கூடாது. “சாலை போட்டார், பாலம் கட்டினார் என்று எழுதினால் பொதுப்பணித்துறை மேஸ்திரியின் வரலாறு போல் ஆகிவிடும், சண்டை போட்டதை எழுது” என்கிறார். பர்மா ஸ்டார் இருந்தால் அவர் போர்முனையில் இருந்தார் என்று பொருளா, அவருடைய பணிப்பதிவுகளை எங்கே கேட்பது, இத்தகைய வாழ்க்கையை எப்படி எழுதுவது என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதக்கப்பெட்டி எழுதியது:

பதக்கங்களைச் சேகரிப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பர்மா ஸ்டார் என்பது ஆறு முனைகள் கொண்ட வெண்கல நிற நட்சத்திரம். நாடாவின் நடுவில் அகலமான சிவப்பும், இரு ஓரங்களிலும் கருநீலமும், அந்த நீலத்தின் நடுவே மெல்லிய ஆரஞ்சுக் கோடும் ஓடும். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை பர்மா முனையில் பணியாற்றியவர்களுக்கு அது வழங்கப்பட்டது. ஆனால் பர்மாவுக்குள் நுழைந்தவர்களுக்கு மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம். 1942 மே மாதத்திலிருந்து வங்காளத்திலும் அசாமிலும் பணியாற்றியவர்களும் அதற்குத் தகுதி பெற்றார்கள். ஆகவே உங்கள் தாத்தா கோஹிமா முற்றுகையில் இருந்திருக்கலாம், போர்முனைக்குப் பின்னால் இருந்த திமாப்பூர் கிடங்கில் சுவர் எழுப்பியிருக்கலாம், பர்மாவுக்குள் மண்டலே நகர் வரை போயிருக்கலாம். இந்த மூன்றில் எது என்று நட்சத்திரம் சொல்லாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதல் உலகப்போரின் பதக்கங்களில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப்போருக்கான நட்சத்திரங்கள் இந்தியப் படையினருக்குப் பெயர் பொறிக்கப்படாமலேயே வழங்கப்பட்டன. எனவே பெட்டியில் இருப்பது அவருடையதுதான் என்பதற்கே விடுவிப்புச் சான்றில் உள்ள பதக்கப் பட்டியல்தான் ஆதாரம். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். அவற்றைப் பளபளவென்று தேய்த்துவிட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். நூல் வெளியீட்டு விழா என்றாலே யாராவது ஒருவர் புளியும் சாம்பலுமாகக் கிளம்பிவிடுவார்.

சுபேதார் (ஓய்வு) எழுதியது:

நான் அதே படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பெங்களூரில் உள்ள எங்கள் மையத்தில் பயிற்சி பெற்ற எவரையும் இன்றுவரை ‘தம்பி’ என்றே அழைப்பார்கள். ஆகவே உங்கள் தாத்தா எனக்கு மூத்த தம்பி. உங்கள் பெரியப்பாவின் மனம் எனக்குப் புரிகிறது என்றாலும், அவர் சொல்வதை ஏற்க முடியாது.

சாப்பர் என்பவர் முதலில் படைவீரர். துப்பாக்கிப் பயிற்சி எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல் கொல்லர், தச்சர், மேசன் என்று ஒரு கைத்தொழில். காலாட்படை போக வேண்டிய பாதையை, காலாட்படைக்கு முன்னால் போய்த் திறப்பது அவருடைய வேலை. பெரியப்பாவிடம் சுபேதார் சுப்பிரமணியன் அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். செங்கற்பட்டு மாவட்டத்துக்காரரான அவர் எங்கள் படையின் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்தார். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது ஒரு வெடி தூண்டப்பட்டுவிட்டது. அது வெடிப்பதற்குள் அதன் மேல் தம் உடலைப் போட்டு மூடி, உடனிருந்தவர்களைக் காத்து உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது. அது எதிரிக்கு நேர் எதிரே நின்று போரிடாத சூழலில் காட்டப்படும் உச்சமான வீரத்துக்குரிய விருது. அவர் அன்று செய்துகொண்டிருந்ததும் பாதையைச் சீர்செய்யும் வேலைதான்.

கண்ணிவெடி தேடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மண்ணில் குப்புறப் படுத்து, முனையுள்ள ஒரு கம்பியைச் சாய்வாகப் பிடித்து, விரற்கடை இடைவெளியில் மெதுவாகக் குத்திக்கொண்டே நகர வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும். சாய்வாகக் குத்தினால் அதன் பக்கவாட்டில் தட்டுப்படும். தட்டுப்பட்டதும் கையால் மண்ணை விலக்கி, அடியில் வேறு பொறி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, தீர்ந்த இடத்தில் வெள்ளை நாடாவைப் பதித்துக்கொண்டே போக வேண்டும். மேலே குண்டு பறந்தாலும் கையின் வேகம் மாறக் கூடாது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடன் நடந்த போரில் ஷகர்கட் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில் எங்கள் 9ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட் பீரங்கித் தாக்குதலுக்கு நடுவே இதைத்தான் செய்தது. அந்தப் பாதைகளைத் திறக்கும் பணியில் உயிரிழந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அவர்களுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. அங்கே டாங்கிப் படை காட்டிய வீரம் நாடறிந்தது. அந்த டாங்கிகள் ஓடிய பாதையைத் திறந்தவர்களின் பெயரைக் கேட்டால் படித்தவர்களும் விழிப்பார்கள்.

பதிவுகளைப் பொறுத்தவரை, தாத்தாவின் படை எண், பதவி, பெயர், தந்தை பெயர், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, சான்றின் நகலை இணைத்து, பெங்களூரில் உள்ள எங்கள் படையின் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆனால் நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் பெறாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படுவது விதி. ‘லாங் ரோல்’ எனப்படும் நிலைப் பதிவேட்டில் உள்ள சில வரிகளே மிஞ்சும். அந்தச் சில வரிகளில் அவர் இருந்த கம்பெனியின் எண் கிடைத்துவிட்டால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

செங்கதிர் எழுதியது:

எல்லாரும் உணர்ச்சிவசப்படும் இடத்தில் கசப்பான ஒன்றைச் சொல்ல நேர்வதற்கு வருந்துகிறேன். இவர் சேர்ந்த ஆண்டு 1942 என்கிறீர்கள். அது வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் ஆண்டு. 1939 செப்டம்பரில் இந்தியர் எவரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டார் வைஸ்ராய். அதைக் கண்டித்துச் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. 1943இல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். அதே வேளையில் அந்த அரசுக்குச் சம்பளத்துக்காகச் சாலை போட்டவர்களை நாம் எந்த அடிப்படையில் போற்றுகிறோம்? கூலிக்கு மாரடித்தவர்கள் என்று சொன்னால் கோபம் வரும். ஆனால் நூலில் இந்தக் கேள்வி இல்லாமல் போனால் அது வரலாறு ஆகாது, குடும்பப் புகழ்மாலை ஆகும். மேசனா, துப்பாக்கி வீரனா என்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

கோலார் மைந்தன் எழுதியது:

செங்கதிர் அவர்களே, கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்கும் இடத்திலிருந்து பார்த்தால் சில வீடுகள் கண்ணுக்குத் தெரியாது.

என் கொள்ளுத்தாத்தாவும் தாத்தாவும் சாப்பர்கள். நாங்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பழைய மதராஸ் படையில் எங்கள் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். பிறகு ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாடு தலைதூக்கி, தென்னிந்தியர் சண்டைக்கு ஆகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, மதராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு 1920களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டன. எஞ்சி நின்றது சாப்பர்ஸ்தான். இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. சண்டைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அதே மாகாணம் அந்தப் போருக்கு அனுப்பிய ஆட்களின் எண்ணிக்கையில் பஞ்சாபுக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. அவர்களில் பெரும்பகுதியினர் பொறியியல், போக்குவரத்து, மருத்துவம் போன்ற பிரிவுகளுக்கே போனார்கள். ஆகவே தமிழ்நாட்டில் போர்வீரர் வாழ்க்கை என்று எழுதப் புகுந்தால் மேசன்களையும் ஓட்டுநர்களையும் சமையற்காரர்களையும் விட்டுவிட்டு எழுத முடியாது. அவர்களை நீக்கிவிட்டால் எழுதுவதற்கு மிஞ்சுபவர் மிகச் சிலரே.

அடுத்தது, சம்பளம். ஊரில் பண்ணையாருக்கு உழைத்துப் படி நெல் வாங்கிய வீட்டுக்குத் தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்துப் போடத் தெரியாத என் கொள்ளுப்பாட்டி கைநாட்டு வைத்து வாங்கிய அந்தப் பணத்தில்தான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டா நிலம் வந்தது. செருப்பணிந்து தெருவில் நடக்க முடியாத ஊருக்கு என் தாத்தா பூட்ஸ் காலோடு திரும்பி வந்தார். அதற்காக அவர் மேல் வழக்கு ஒன்றும் நடந்தது. பிரிட்டிஷ் அரசு நல்ல அரசு என்று நான் சொல்லவில்லை. என் தாத்தாவும் அப்படிச் சொன்னவர் அல்லர். அவருக்கு எதிரே இருந்த வாசல்களில் திறந்திருந்தது அது ஒன்றுதான். அந்த வாசலில் நுழைந்தவரைக் கூலிக்கு மாரடித்தவர் என்று சொல்லும் உரிமை, பூட்டிய வாசல்களுக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்கு மட்டுமே உண்டு.

கிள்ளான் கோமதி எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம் அந்தப் போரின் மறுபக்கத்தில் இருந்தது. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்ற பிறகு அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். சென்னையில் படித்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த கேப்டன் லட்சுமி அவர்களே அதற்குத் தலைமை தாங்கினார். மலாயாவில் பிறந்த ஜானகி தேவர் போன்ற இளம்பெண்கள் அதில் அதிகாரிகளானார்கள். படையில் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள்.

பெரியப்பா சொல்வது போன்ற அதே பேச்சு எங்கள் வீட்டிலும் உண்டு. விழா மேடைகளில் பாட்டியை அறிமுகப்படுத்துகிறவர்கள் ‘இம்பால் போர்க்களத்தில் வெள்ளையனைச் சுட்டவர்’ என்பார்கள். பாட்டி மேடையில் மறுக்க மாட்டார். வீட்டுக்கு வந்ததும், “நான் மேமியோவுக்கு மேல் போகவே இல்லையே” என்பார். பர்மாவில் உள்ள அந்த மலையூரில் காயம்பட்டு வந்தவர்களுக்குப் பணிவிடை செய்ததுதான் அவர் பார்த்த போர். அழுகிய காலிலிருந்து துணியைப் பிரிப்பதற்கு முன் வெந்நீரில் எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்பதை, எண்பது வயதுக்கு மேலும் நேற்று நடந்தது போல் சொல்வார். 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுப் பின்வாங்கியபோது நேதாஜியும் அந்தப் பெண்களோடு நடந்தார். பகலில் விமானங்களுக்கு அஞ்சி மறைந்திருந்து இரவில் நடை. இவையெல்லாம் மேடைக்கு உதவாத செய்திகள் என்று யார் முடிவு செய்தார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.

பாட்டியின் தம்பி எந்தப் படையிலும் சேரவில்லை. அவரை ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையிலான இரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அந்தப் பாதையில் மடிந்த மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, விடுவிப்புச் சான்றும் இல்லை. உங்கள் தாத்தாவுக்கு ‘மேசன்’ என்று எழுதிய ஒரு காகிதமாவது இருக்கிறது.

செங்கதிர் எழுதியது:

கோலார் மைந்தன் அவர்களின் பதிலை நான் மறுக்கப் போவதில்லை. சாதியைக் கணக்கில் எடுக்காமல் ‘ஏன் சேர்ந்தார்கள்’ என்று கேட்பது அரைகுறைக் கேள்வியே. ஆனால் தனிமனிதர் ஏன் சேர்ந்தார் என்பது வேறு, அந்தப் படையைக் கொண்டு அரசு என்ன செய்தது என்பது வேறு. இரண்டையும் நூலில் எழுதுங்கள் என்பதே என் கோரிக்கை.

கோமதி அவர்கள் எழுதியதிலிருந்து ஒன்று தோன்றுகிறது. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களை விசாரித்த பிரிட்டிஷார், தங்களுக்கு எவ்வளவு விசுவாசமானவர்கள் என்பதைப் பொறுத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். 1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகியோர் மீது வழக்கு நடந்தபோது நாடே கொதித்தது. விடுதலைக்குப் பின் அந்தப் படையினரை இந்திய இராணுவம் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை என்றாலும், 1972இல் மைய அரசு கொண்டுவந்த தியாகிகள் ஓய்வூதியத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. மறுபக்கம் இருந்த சாப்பர்களுக்கு என்ன கிடைத்தது என்று சுபேதார் ஐயா சொல்ல வேண்டும்.

சுபேதார் (ஓய்வு) எழுதியது:

பெரும்பாலோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. சிப்பாய் நிலையில் ஓய்வூதியத்துக்கு 15 ஆண்டுப் பணி வேண்டும். போருக்காக 1940க்குப் பிறகு சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பலர் 1945, 1946 ஆண்டுகளில் ஒரு தொகையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னாளில் தமிழ்நாடு அரசு, ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் முன்னாள் படைவீரர் நலத்துறை வழியாக மாதந்தோறும் நிதியுதவி வழங்கத் தொடங்கியது. உங்கள் பாட்டி அதைப் பெற்றிருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கோப்பு இருக்கும். பதிவு அலுவலகத்தில் அழிந்துபோன விவரம், விண்ணப்பத்தோடு இணைத்த நகலாக அங்கே உயிரோடு இருக்கக்கூடும். மறக்காமல் கேளுங்கள்.

இழையை விட்டு விலகாமல் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். எந்த அரசுக்காக, எந்தப் போரில் என்ற கேள்வி சிப்பாயைத் துரத்துவது 1942இல் சேர்ந்தவர்களோடு முடிந்துவிடவில்லை. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேரை இழந்தோம். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது மாநில முதலமைச்சர் வரவேற்க வரவில்லை. அங்கே தமிழ் மக்கள் பட்ட துயரத்தை அறிந்தவன் என்பதால் அந்த முடிவை இங்கே விவாதிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் என்னோடு பணியாற்றிய தமிழர் பலர் அந்த இரண்டரை ஆண்டுகளைத் தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் இருக்கிறார்கள். இன்னும் உயிரோடு இருக்கும் அவர்களிடம் யாராவது இப்போதே உட்கார்ந்து கேட்டால் நல்லது.

நெல்லை ஆவணக்காரர் எழுதியது:

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “போரில் என்ன நடந்தது?” என்று கேட்டால் எந்தப் படைவீரரும் திரைப்படத்தில் பார்த்ததைத்தான் திருப்பிச் சொல்வார், அல்லது வாயை மூடிக்கொள்வார். காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், கால் புண்ணுக்கு என்ன போட்டீர்கள், கடிதத்தை யார் எழுதிக் கொடுத்தார், ஊருக்குத் திரும்பிய அன்று எந்த இரயிலில் வந்தீர்கள் என்று கேளுங்கள். பேச்சு தானாகப் போர்முனைக்குப் போகும். போகாவிட்டால் விட்டுவிடுங்கள். தாத்தா இல்லை என்பதால் அவரோடு வாழ்ந்த பெண்களிடம் கேளுங்கள். அவருடைய சகோதரியரோ கொழுந்தியாரோ இருந்தால் இந்த வாரமே போங்கள்.

ஆவணங்களைப் பற்றி: அந்தப் போரில் களத்தில் இருந்த ஒவ்வொரு கம்பெனியும் நாள்தோறும் போர்க் குறிப்பேடு எழுத வேண்டியிருந்தது. பர்மா முனையின் குறிப்பேடுகள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. (போர் அலுவலகம்) 172 என்ற வரிசையில் இருக்கின்றன. மத்தியக் கிழக்குக்கு 169, இத்தாலி முனைக்கு 170. அவற்றில் சிப்பாய்களின் பெயர் அரிதாகவே வரும். ஆனால் எந்த நாளில் எந்த ஊரில் என்ன கட்டினார்கள் என்பது வரும். சுபேதார் ஐயா சொன்னது போலக் கம்பெனி எண் இருந்தால்தான் அதைத் தேட முடியும்.

போரில் இறந்த உறவினர்களைத் தேடுகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. இந்து, சீக்கிய வீரர்கள் எரியூட்டப்பட்டதால் பெரும்பாலும் கல்லறை இராது. பெயர்கள் நினைவுச் சுவர்களில் இருக்கும். கோஹிமாவில் 917 பேரின் பெயர் தாங்கிய தனி நினைவகம் உண்டு. ரங்கூன் நினைவகத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகத் தேடலாம். ஆறுமுகம் என்பதை வெள்ளைக்கார எழுத்தர் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார் என்பதால், பெயரைவிடத் தந்தை பெயரையும் பழைய மாவட்டப் பெயரையும் வைத்துத் தேடுவதே பலன் தரும். வேலூர், திருவண்ணாமலை என்று தேடாமல் வட ஆற்காடு என்று தேடுங்கள்.

பாலாற்றங்கரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆவணக்காரர் சொன்னபடி தாத்தாவின் தங்கையைப் போய்ப் பார்த்தேன். தொண்ணூறைத் தாண்டியவர், காது மந்தம், ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது. கோஹிமா என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. “அண்ணன் லீவில் வந்தபோது உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து வந்தான். கண்ணைத் தவிர எல்லாம் மஞ்சள். அம்மா காமாலை என்று பயந்துபோய்க் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே குடித்தான், இது மாத்திரையால் வந்தது என்று அப்புறம்தான் சொன்னான்” என்றார். தோளில் ஒரு தழும்பு இருந்ததாகவும், அது குண்டடி இல்லை, ‘இரும்பு தூக்கினது’ என்று அண்ணன் சொன்னதாகவும் சொன்னார். இந்த இரண்டையும் வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

சுபேதார் (ஓய்வு) எழுதியது:

நிறையவே சொல்லலாம். அந்த மாத்திரை மெபாக்ரின். மலேரியாவைத் தடுக்க நாள்தோறும் கொடுக்கப்பட்டது, தோலை மஞ்சளாக்கும். 1943இல் பர்மா முனையில் காயம்பட்டு வந்த ஒருவருக்கு எதிராக நோயால் 120 பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்று 14ஆவது இராணுவத்தின் தளபதி ஸ்லிம் பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகுதான் மாத்திரை விழுங்குவதைக் கட்டாயமாக்கி, விழுங்கினார்களா என்று சோதித்து, தவறினால் அதிகாரியையே பதவி நீக்கும் அளவுக்குக் கண்டிப்புக் காட்டினார்கள். ஆகவே தாத்தா மலேரியா மண்டலத்தில் நெடுநாள் இருந்திருக்கிறார்.

தோள் தழும்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் என் ஊகம் பெய்லி பாலம், அதாவது இரும்புச் சட்டங்களைக் களத்திலேயே பூட்டி அமைக்கும் இராணுவப் பாலம். அதன் ஒரு சட்டம் பத்து அடி நீளம், ஐந்து அடி உயரம், எடை 570 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 258 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். எல்லாரும் ஒரே உயரமாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நெட்டையானவனின் தோளில் பாரம் ஏறும். நாங்களும் பயிற்சியில் அதைத்தான் தூக்கினோம், என் தோளிலும் அந்தத் தடம் உண்டு. கோஹிமாவிலிருந்து இம்பாலுக்குப் போகும் சாலை 1944 ஜூன் 22 அன்று 109ஆவது மைல் கல்லில் திறக்கப்பட்ட பிறகு, மழைக்காலச் சேற்றில் கபா பள்ளத்தாக்கு வழியே பர்மாவின் சின்ட்வின் ஆற்றை நோக்கிப் படை நகர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அந்த ஆற்றின் மேல் கலேவாவில் 1,154 அடி நீளத்துக்கு மிதக்கும் பெய்லி பாலத்தைப் போட்டார்கள். அன்று உலகில் அதுவே மிக நீளமான பெய்லி பாலம். அது இல்லாமல் டாங்கிகளும் இல்லை, மண்டலேயும் இல்லை. தாத்தா கலேவாவில் இருந்தார் என்று நான் சொல்லவில்லை, அதற்குக் கம்பெனி எண் வேண்டும். ஆனால் அவருடைய படையின் வேலை அங்கே எப்படிப்பட்டது என்பதை நீங்கள் தயங்காமல் எழுதலாம்.

பாலாற்றங்கரையானின் பெரியப்பா எழுதியது:

தம்பி மகன் இந்த இழையைக் கைபேசியில் காட்டினான், படித்தேன். நானே பதில் எழுதுவது முறை என்று தோன்றியது. நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

எனக்கு மேசன் வேலை இழிவு என்ற எண்ணம் இல்லை. சிறு வயதில் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தில் இந்திய தேசிய இராணுவத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரை மேடையில் அமர்த்தி மாலை போடுவார்கள். அவர் அதற்குத் தகுதியானவர். என் தந்தையார் கூட்டத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒரு முறை பள்ளியில் ஆசிரியர் ஒருவர், “உன் அப்பா வெள்ளைக்காரனுக்கு ரோடு போட்டவர்தானே” என்று வகுப்பில் கேட்டார். கோஹிமா சண்டைக் கதையை ஊரில் முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது என்கிறான் இவன். எனக்குத் தெரியும், அது என் அண்ணன். அந்த ஆசிரியரிடம் சொன்னதுதான் முதல் முறை.

சுபேதார் அவர்கள் எழுதிய கண்ணிவெடி விவரத்தையும் என் அத்தை சொன்னதையும் நூலில் சேர்ப்பதற்குத் தடையில்லை. செங்கதிர் அவர்களின் கேள்விக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இது ஒரு குடும்பம் தன் செலவில் போடும் நூல். அட்டையில் பர்மா ஸ்டாரின் படம் வர வேண்டும், சுண்ணாம்புக் கரண்டி வரக் கூடாது.

செங்கதிர் எழுதியது:

ஐயா, அட்டை உங்கள் விருப்பம். அத்தியாயம் வேண்டாம் என்றால் ஒரு பத்தியாவது கேட்பேன். உங்களிடம் அந்த ஆசிரியர் கேட்ட கேள்வியையும், உங்கள் அண்ணன் சொன்ன பதிலையும் அப்படியே எழுதினால் போதும். என் அத்தியாயத்தைவிட அது கூர்மையாக இருக்கும்.

நெல்லை ஆவணக்காரர் எழுதியது:

பெரியப்பா அவர்களுக்கு வணக்கம். அந்தப் பத்தியை நீங்களே எழுதினால் நல்லது. கருத்து வேறுபாடு நூல் அச்சாகும் வரை தொடரட்டும். அதற்குள் அத்தையம்மா பேசியதை ஒலிப்பதிவு செய்துவிடுங்கள். கைபேசி போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். பெங்களூருக்கு அனுப்பும் கடிதத்தில் படை எண்ணை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, விடுவிப்புச் சான்றின் இரு பக்கங்களையும் நகலெடுத்து இணையுங்கள். பின்பக்கம் வெறுமையாகத் தோன்றினாலும் இணையுங்கள். கம்பெனியின் முத்திரை சில சான்றுகளில் மங்கிப்போய் அங்கேதான் இருக்கும்.